பானை செய்தவர் பெயர் எங்கே?

(பாப்பிரெட்டிப்பட்டியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் போனஸைப் பற்றிப் பேச வரவில்லை. பானையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "பானைக்கு ஒரு கூட்டமா?" என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். பானையில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் கூலிக்கும் உரிமைக்கும்தான் வந்து சேரும்.

பட்டணத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மண் குடுவை இருக்கிறது. கீழே செய்தவர் பெயர். விலை ஆயிரக்கணக்கில். யாரும் பேரம் பேசுவதில்லை. நம் சந்தையில் குயவர் செய்த குடம் தரையில் கிடக்கிறது. பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கிறோம். அங்கே செய்தவர் கலைஞர். இங்கே செய்தவர் வெறும் குயவர். இந்த வித்தியாசத்தை யார் போட்டது? மண் போட்டதா? நெருப்பு போட்டதா?

முதலில் வேலையைப் பார்ப்போம். ஏரிக் களிமண் அப்படியே பானையாகிவிடாது. காயவைத்து, உடைத்து, கல் பொறுக்கி, ஊறவைத்து, அளவாக மணல் சேர்த்து மிதிக்க வேண்டும். மணல் குறைந்தால் காயும்போது வெடிக்கும். கூடினால் சக்கரத்தில் நிற்காது. அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மிதிக்கிற காலுக்குத் தெரியும்.

சக்கரத்திலிருந்து இறங்குகிற பானைக்கு அடி கிடையாது. வாயும் கழுத்தும் மட்டும் முடிந்திருக்கும். பாதி காய்ந்த பிறகு, உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிகிறது, வயிறு விரிகிறது. இறுகிய மண் அடுப்புச் சூட்டைத் தாங்குகிறது. பிறகு செம்மண் குழம்பு பூசி, அடுக்கி, விறகும் வைக்கோலும் வைத்து, மேலே மண் மெழுகிச் சூளை போடுகிறார்கள். அங்கே வெப்பமானி இல்லை. புகையின் நிறமும் தீயின் நிறமும்தான் கணக்கு.

குடத்துத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? குறைந்த சூட்டில் வெந்த மண்ணில் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது குடத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மின்சாரம் இல்லாமல் தண்ணீரைக் குளிர வைக்கிற இந்த வித்தையைச் செய்தவருக்கு ஒரு பட்டமும் கிடையாது!

சீமைக்குச் சீமை மண் வேறு. எனவே வேலையும் வேறு. சிவகங்கைச் சீமையில், மானாமதுரையில் கடம் செய்கிறார்கள். சூளையில் மண் சுருங்கும். எவ்வளவு சுருங்கும், வெந்த பிறகு எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்பதை ஈர மண்ணிலேயே கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான தட்டுத் தட்டிச் சுவரின் கனத்தைச் சமப்படுத்துகிறார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுக்கோட்டைப் பக்கம் வேளார்கள் அய்யனாருக்கு ஆள் உயரத்துக்கும் மேலான குதிரை செய்கிறார்கள். அவ்வளவு பெரிய உருவத்தைக் கெட்டியாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும். ஆகவே உள்ளே கூடாக, வளையத்தின்மேல் வளையமாக ஏற்றுகிறார்கள். வங்காளத்தில், பாங்குரா மாவட்டத்துப் பாஞ்ச்முராவிலும் குதிரைதான். ஆனால் காலும் கழுத்தும் தலையும் தனித்தனியே சக்கரத்தில் பிறந்து, பிறகு ஒன்றாக ஒட்டப்படுகின்றன. ராஜஸ்தானத்து மொலேலாவில் களிமண்ணோடு கழுதைச் சாணம் கலந்து, தட்டையான பலகைகளில் தெய்வ உருவங்களைப் புடைப்பாக வனைகிறார்கள். மணிப்பூரின் ஆந்த்ரோ கிராமத்தில் சக்கரமே இல்லை. பானை செய்பவர்கள் எல்லாம் பெண்கள். பாண்டிச்சேரியில் 1971ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொடங்கிய பட்டறையில், கடுஞ்சூட்டில் வேகும் பளபளப்புப் பூச்சுப் பாத்திரங்கள் உருவாயின. அங்கே பயின்றவர்கள் இன்று நாட்டில் பெயர் பெற்ற கலைஞர்கள்.

இந்தப் பட்டறைக் கலைஞர்கள்மேல் நமக்குப் பொறாமை இல்லை. அவர்களும் கையால் உழைப்பவர்களே. நாம் கேட்பது ஒன்றுதான்: ஒரே மண்ணில், ஒரே நெருப்பில் வேலை செய்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் பெயர் இருக்கிறது?

பழைய கதையைப் பார்ப்போம். 2004 வரை தர்மபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ல் அறிவித்தார்கள். அதே இடத்தில் கருப்பு-சிவப்புப் பானைகளும் கிடைத்தன. ஒரே பானையில் இரண்டு நிறம் எப்படி வந்தது? களிமண்ணில் இரும்புச் சத்து உண்டு. காற்றுப் பட்டு வெந்த பகுதி சிவக்கும். பானையைக் கவிழ்த்து, காற்றுப் புகாமல் வேகவைத்த பகுதி கறுக்கும். ரசாயனம் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே ரசாயனம் தெரிந்த கைகள் அவை!

கீழடியிலே பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்றெல்லாம் தமிழி எழுத்தில் பெயர் கீறியிருக்கிறது. பெரும்பாலும் சுட்ட பிறகு கீறிய எழுத்துகள் என்பதால், அவை பானையை வைத்திருந்தவர்களின் பெயர்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். சொந்தக்காரன் பெயர் கிடைத்துவிட்டது. செய்தவன் பெயர் எங்கே, தோழர்களே?

ஆனால் குயவர் குலம் வாய் மூடியே கிடந்தது என்று எண்ண வேண்டாம். புறநானூற்றில் 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். கரிகாலன் வெண்ணிப் போரில் வென்றான். அவன் முகத்துக்கு எதிரே அந்த அம்மை, 'வென்றவன் நீ; ஆனாலும் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா' என்ற கருத்தில் பாடினார். அரசனிடம் அப்படிப் பேசும் துணிவு களிமண் மிதித்த குலத்துப் பெண்ணுக்கு இருந்தது.

கடல் கடந்தும் பார்ப்போம். 1592 முதல் 1598 வரை ஜப்பான் பிரபுக்கள் கொரியாவின்மேல் படையெடுத்தார்கள். திரும்பும்போது கொள்ளைப் பொருளோடு கொரியக் குயவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அதனால் 'பானைப் போர்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. கொரியாவில் எளிய மக்கள் புழங்கிய ஒரு சாதாரணக் கிண்ணம், ஜப்பானில் தேநீர்ச் சடங்குக்காரர்களின் கைக்குப் போனதும் விலைமதிப்பற்ற பொக்கிஷமாயிற்று. இன்று அது கியோட்டோவில் தேசியச் செல்வம். அதன் பெயர் கிசாயெமோன். ஒரு காலத்தில் அதை வைத்திருந்த ஜப்பான் வியாபாரியின் பெயர் அது. வனைந்த கொரியக் குயவர் பெயர் யாருக்கும் தெரியாது. கீழடியானாலும் கியோட்டோவானாலும் கணக்கு ஒன்றுதான்!

1920களில் யானாகி சோயெட்சு என்ற ஜப்பானியர், பெயர் தெரியாத கைகள் அன்றாடம் புழங்கச் செய்த பாத்திரத்திலேதான் உண்மையான அழகு இருக்கிறது என்றார். நல்ல சொல். நாம் அதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறோம்: அழகைப் புகழ்ந்தால் மட்டும் அடுப்பு எரியாது. செய்தவர் வயிறும் நிறைய வேண்டும்.

இன்று குயவர் நிலை என்ன? முன்பு அறுவடைக் களத்தில் குயவருக்கு ஒரு பங்கு தானியம் உண்டு. அந்த வழக்கம் போயிற்று. அலுமினியம் வந்தது, எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது. பொங்கலுக்குப் பானையும் கார்த்திகைக்கு விளக்கும் என்று இரண்டு பண்டிகையை நம்பி வருஷத்தை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் மண் காயாது; சூளை எரியாது; வருமானம் நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே மண். மண் இல்லாமல் குயவர் ஏது? ஏரி வற்றினால்தான் களிமண் எடுக்கலாம். அதே நேரம் லாரிகளும் வருகின்றன. லாரிக்கு எந்த மண்ணும் மண்தான். குயவருக்கோ குறிப்பிட்ட அடுக்கு மண் வேண்டும். இயந்திரம் ஒரு முறை வாரிக் கலக்கிவிட்டால் அந்த அடுக்கு திரும்ப வராது. 2024ல் தமிழக அரசு விதியைத் திருத்தி, விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏரி குளங்களில் கட்டணமின்றி மண் எடுக்கத் தாலுகா அளவில் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று செய்தது. நல்லது. ஆனால் காகிதத்தில் இருக்கிற அனுமதி கரைக்கு வந்து சேர, கேட்பதற்கு ஆள் வேண்டும். குயவர் ஊருக்கு நாலு வீடு. தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். நாற்பது பேர் கூடப் போனால் நாற்காலி நிமிரும்!

இன்னொன்று, தாய்மார்களே. மண் உடைப்பது, மிதிப்பது, தண்ணீர் சுமப்பது, மெழுகுவது, சந்தையில் விற்பது எல்லாவற்றிலும் பெண்ணின் கை இருக்கிறது. சக்கரத்தில் மட்டும் அவள் உட்காரக் கூடாது என்று பல இடங்களில் வழக்கம் வைத்தார்கள். ஆந்த்ரோவில் பெண் பானை செய்தால் உலகம் கவிழ்ந்துவிடவில்லையே! மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்தில் கணவன் பெயரோடு நிறுத்தாமல், மனைவியின் பெயரையும் தொழிலாளி என்றே பதிய வைக்க வேண்டும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது மூன்று. சந்தையில் குடம் வாங்கினால் தரகரிடம் வாங்காமல், செய்தவர் கையில் வாங்குவோம். தட்டிப் பார்த்து வாங்குவோம், நியாயமான விலையில் பேரம் பேச மாட்டோம். ஏரி வேலைக்குப் போகிற விவசாயத் தொழிலாளிக்குக் களிமண் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியும். அந்த மூலையைக் குயவருக்கென்று விட்டுவைக்கச் சொல்லிக் கிராம சபையில் எழுந்து பேசுவோம். குயவர் மனுவோடு தாலுகா அலுவலகத்துக்குப் போகும் நாளில் ஆலைத் தொழிலாளியும் களத்துத் தொழிலாளியும் கூடவே போவோம்.

நூல் நூற்பவர் பெயர் வேட்டியில் இல்லை. நாற்று நட்டவர் பெயர் சோற்றில் இல்லை. பானை செய்தவர் பெயர் பானையில் இல்லை. பெயர் இல்லாத இந்த மூவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு ஒரே வரிசையில் நிற்கட்டும். மனு எழுதுகிற வேலையை இன்றைக்கே, இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்பே தொடங்குவோம்.