மோட்டார் சைக்கிள் இன்ஷூரன்ஸ்: கட்டணம் கூடுவதும் குறைவதும் எதனால்?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் தென்காசி வட்டார வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

இன்றைக்கு நான் விதை, உரம் பற்றிப் பேசப் போவதில்லை. நம்ம வீட்டு வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறிச் சாக்கு போவதும், புளியங்குடிக்கு எலுமிச்சை மூட்டை போவதும், சொசைட்டிக்குப் பால் கேன் போவதும் இன்றைக்கு இரண்டு சக்கரத்தில்தான். ஒரு காலத்தில் வில்வண்டியும் கட்டைவண்டியும் செய்த வேலை இது. மாட்டுக்குப் புல்லும் தவிடும் போடுகிறோம். வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறோம். ஆனால் இன்ஷூரன்ஸ் என்று வந்தால், "அது எதுக்கு சார் தண்டச் செலவு?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

தண்டமா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கட்டுகிற ரூபாய் எதற்குப் போகிறது என்று தெரிந்தால்தானே முடிவு செய்ய முடியும்? அந்தக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

பிரீமியத் தொகையில் இரண்டு பெரிய பாகம் உண்டு. ஒன்று, நம்ம வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கு. இதைத்தான் ‘தேர்டு பார்ட்டி’ என்கிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் வண்டி ரோட்டில் ஏறக்கூடாது. மற்றது, நம்ம வண்டிக்கே நேரும் சேதத்துக்கும் திருட்டுக்கும். இரண்டும் சேர்ந்தால் ‘பேக்கேஜ்’ பாலிசி, ஊரில் சொல்கிற ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’.

தேர்டு பார்ட்டிக் கட்டணத்தை எந்தக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அட்டவணைப்படி, 75 சி.சி. வரை வருடத்துக்கு 538 ரூபாய். 75-க்கு மேல் 150 வரை 714 ரூபாய். 150-க்கு மேல் 350 வரை 1,366 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 2,804 ரூபாய். இதற்கு மேல் நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. புதுப்பிக்கிற அன்றைக்கு எந்த அட்டவணை அமலில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தென்காசியில் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும் இந்தப் பாகத்தின் விலை ஒன்றுதான். ஆகவே "அவன் இருநூறு ரூபாய் குறைத்துத் தருகிறான்" என்று யாராவது சொன்னால், எந்தப் பாகத்தில் குறைக்கிறான் என்று பாருங்கள்.

சி.சி. கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம்மில் பலர் வைத்திருக்கும் எக்ஸ்.எல். 100, ஸ்பிளெண்டர் எல்லாம் 714 ரூபாய் வகுப்பு. கல்லூரி போகிற மகன் 160 சி.சி. வண்டிதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், அது அடுத்த வகுப்புக்குத் தாவி 1,366 ஆகிவிடும். பத்து சி.சி. வித்தியாசம், கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு! புல்லட் 350 என்பது உண்மையில் 349 சி.சி. ஆகையால் அதுவும் 1,366-க்குள் அடங்கிவிடுகிறது. மகனிடம் சொல்லிப் பாருங்கள், கேட்பானா என்பது வேறு விஷயம்.

நம்ம ஊரில் ஓடுகிற சாதாரண வண்டிக்கு 714 ரூபாயும் வரியும் சேர்த்து சுமார் 843 ரூபாய் ஆகிறது. இதைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? போலீஸ் பிடித்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடித்தால் அபராதம் 4,000. ஆனால் நான் பயப்படச் சொல்வது இந்த அபராதத்துக்கு அல்ல.

ஒரு கணக்குப் போடுவோம். சாரல் காலம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோடு நனைந்து கிடக்கிறது. உங்கள் வண்டி வழுக்கி, நடந்து போகிற ஒருவர் மேல் மோதி அவர் இறந்துவிடுகிறார் என்று வச்சுக்குவோம். வயது 30, சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய் சம்பாத்தியம், மனைவி, இரண்டு பிள்ளைகள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்கிடும்? உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்த முறை இருக்கிறது. வருட வருமானம் 1,80,000. நாற்பது வயதுக்குள் இருப்பவர், பிற்காலத்தில் வருமானம் கூடியிருக்கும் என்பதற்காக நூற்றுக்கு நாற்பது கூட்டினால் 2,52,000. அவர் தன் சொந்தச் செலவுக்கு எடுத்திருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கல் எண் 17. பெருக்கினால் 28,56,000 ரூபாய். ஈமச் செலவு முதலானவை தனி, வட்டி தனி.

தேர்டு பார்ட்டி பாலிசி நடப்பில் இருந்தால் இந்தப் பணத்தைக் கம்பெனி கட்டும். உயிருக்கும் காயத்துக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது. பாலிசி இல்லையென்றால் வண்டிக்குச் சொந்தக்காரர் கட்டவேண்டும். கட்டாவிட்டால், சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம். கலெக்டர் அதை நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிப்பார். நிலவரி பாக்கி வசூல் என்றால் என்னவென்று உழவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 843 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பணயம் வைப்பது, தாத்தா காலத்து நஞ்சையை.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பழைய வண்டியை விற்கிறோம். முத்திரைத்தாளில் எழுதி, பணத்தை எண்ணி வாங்கி, சாவியைக் கொடுத்துவிடுகிறோம். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதில்லை. அந்த வண்டி நான்கு கை மாறி, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓடி, எங்கேயோ ஆளை அடித்துவிட்டால் யார் பொறுப்பு? பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றும் வரை விற்பனை முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவரும் 14 நாளைக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கம்பெனிக்கு எழுதவேண்டும்.

இனி நம்ம வண்டிச் சேதத்துக்கான பாகம். இங்கேதான் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறுகிறது, பேரம் பேசவும் இடம் இருக்கிறது. முதலில் வண்டியின் இன்றைய மதிப்பைப் பார்ப்பார்கள். கம்பெனி விலையில் இரண்டாம் வருடம் நூற்றுக்கு 20, மூன்றாம் வருடம் 30, நான்காம் வருடம் 40, ஐந்தாம் வருடம் 50 என்று தேய்மானம் கழிப்பார்கள். 80,000 ரூபாய் வண்டி நான்காம் வருடத்தில் இருந்தால் மதிப்பு 48,000. வண்டி களவு போனால் கிடைப்பதும் இந்தத் தொகையை ஒட்டித்தான். பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதச் சொன்னால், களவு போகிற அன்றைக்குத்தான் அதன் வலி தெரியும்.

2002-ஆம் ஆண்டு கட்டணப் பட்டியலில், 150 சி.சி. வரையுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட வண்டிக்கு மதிப்பில் நூற்றுக்கு 1.676 என்று வைத்திருந்தார்கள். சென்னை, மும்பை போன்ற பெருநகர்களில் பதிவான வண்டிக்கு 1.708. திருட்டும் நெரிசலும் அங்கே கூட என்பதால் இந்த வித்தியாசம். நம்ம டி.என். 76 வண்டிகள் குறைந்த கட்டணப் பகுதியில் சேர்ந்தவை. 2007 முதல் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, கம்பெனிகள் தாங்களே விலை வைக்கின்றன. இருந்தாலும் கணக்குப் புரிய அந்தப் பழைய விகிதம் போதும்: 48,000-க்கு 804 ரூபாய்.

அடுத்தது ‘நோ கிளெய்ம் போனஸ்’. வருடம் முழுக்க நஷ்ட ஈடு கேட்காமல் இருந்தால், மறு வருடம் இந்தச் சேதப் பாகத்தில் நூற்றுக்கு 20 தள்ளுபடி. தொடர்ந்து இரண்டு வருடம் கேட்காவிட்டால் 25, பிறகு 35, 45, கடைசியில் 50. மூன்று வருடம் சுத்தமாக ஓட்டியவருக்கு 804 ரூபாய் 523 ஆகிவிடும். இன்டிகேட்டர் உடைந்தது, கண்ணாடி உடைந்தது என்று முந்நூறு ரூபாய்க்குக் கிளெய்ம் போட்டால் இந்தச் சலுகை போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஏறவேண்டும். சின்னச் சேதத்தைக் கைக்காசு போட்டுச் சரி செய்வதே லாபம். பாலிசி முடிந்து 90 நாளைக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும். அறுவடை முடியட்டும், நெல் காசு வரட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த 90 நாளை நினைவில் வையுங்கள். போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்றுப் புதிது வாங்கும்போது சான்று வாங்கி அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆக, பேக்கேஜ் பாலிசிக்கு 714-ம் 523-ம் சேர்ந்து 1,237. வரியோடு சுமார் 1,460 ரூபாய். வெறும் தேர்டு பார்ட்டிக்கு 843. வித்தியாசம் 617 ரூபாய்.

இந்த 617 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்ம தென்மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வெள்ளத்தில் வண்டி மூழ்கினால் பேக்கேஜ் பாலிசிக்குத்தான் நஷ்ட ஈடு உண்டு. தேர்டு பார்ட்டிக்குக் காலணா வராது. தண்ணீரில் நின்ற வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டுப்போனால், அது நீங்கள் செய்த சேதம் என்று மறுக்க வழி உண்டு. உருட்டிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் பின் சீட்டு. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில், இலவசமாகப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யார் நம்ம வண்டிப் பின்னால் உட்காருகிறார்கள்? வீட்டுக்காரம்மா, பேத்தி, வயலுக்கு வருகிற ஆள். பேக்கேஜ் பாலிசி என்றால் பின்னால் இருப்பவரும் அடக்கம் என்று ஆணையம் 2009-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த ஒரு காரணத்துக்கே 617 ரூபாய் தகும்.

சரி, ஓட்டுகிறவருக்கு? 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு என்று தனியாக ஒரு வரி பாலிசியில் இருக்கும். இதற்குக் கட்டணம் தனி, நான் மேலே போட்ட கணக்கில் சேரவில்லை. இது ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஓட்டினால்தான், அதுவும் லைசென்ஸ் இருந்தால்தான். கிராமத்தில் வண்டி அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். மகனுக்கு ஏதாவது ஆனால் அந்த 15 லட்சம் வராது. தினமும் யார் ஓட்டுகிறாரோ அவர் பெயரில் ஆர்.சி. இருப்பது நல்லது. அது முடியாவிட்டால் மகன் பெயரில் தனி விபத்துக் காப்பீடு எடுங்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி அடுத்தவருக்கு அடிபட்டால், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் திருப்பி வசூலிக்கும். பதினெட்டு நிரம்பாத பையன் கையில் சாவியைக் கொடுத்தால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் பெற்றோருக்கு. அது இன்ஷூரன்ஸ் அல்ல, சட்டம்.

2018 செப்டம்பருக்குப் பிறகு புது வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷோரூமில் "அஞ்சு வருஷம் இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள். ஐந்து வருடம் என்பது தேர்டு பார்ட்டிக்கு. கோவை எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர் போட்ட சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால் வந்த ஏற்பாடு அது. வண்டிச் சேதத்துக்கான பாகம் பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்திருக்கும். இரண்டாம் வருடம் வண்டி களவு போன பிறகு காகிதத்தைத் தேடி எடுத்துப் படித்துப் பயனில்லை.

கடைசியாக, பாலிசியில் ‘பயன்படுத்தும் வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு விடுவதும், சரக்கு ஏற்றுவதும் கூடாது என்று பொதுவாக எழுதியிருக்கும். கூலிக்குப் பால் கேன் எடுக்கிறவர்கள், வண்டியின் பின்னால் தள்ளுவண்டியைப் பற்றவைத்து ஓட்டுகிறவர்கள், கிளெய்ம் வருமா என்று கம்பெனி ஆபீசில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஏஜென்டு வாயால் சொன்னது செல்லாது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாலிசிக் காகிதத்தை எடுத்து, வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண் மூன்றும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முடிவு தேதி இரண்டு இடத்தில் இருக்கலாம், சேதத்துக்கு ஒன்று, தேர்டு பார்ட்டிக்கு ஒன்று. இரண்டையும் வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.