நடைபாதை வணிகரும் நகராட்சியும்



நடைபாதை வணிகர் கண்ட உள்ளாட்சி எது? விடியலில் கூடையைத் தூக்கி வண்டியில் எறியும் ஊழியர்; நண்பகலில் தண்டல் சீட்டுக் கிழிக்கும் குத்தகைக்காரர். குத்தகைக்காரருக்குத் தாம் போட்ட முதல் பெரிது. கீரை விற்பவளின் முதலைப் பற்றி அவருக்கென்ன கவலை?

ஆயினும், 2014இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வணிகர் சட்டம் வேறொன்று சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் வணிகரைக் கணக்கெடுக்க வேண்டும். மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரையிலானோர்க்கு இடமளிக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று வழங்கும்வரை ஒருவரையும் அகற்றலாகாது. பின்னர் அகற்றுவதாயினும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கைப்பற்றிய பொருளுக்குப் பட்டியல் தரவேண்டும். கட்டணம் செலுத்திக் கேட்டால், அழுகும் பொருளை அன்றே திருப்பித் தரவேண்டும். கீரை மறுநாள் என்ன விலை போகும் என்பது சட்டம் எழுதியோர்க்கும் தெரிந்திருக்கிறது!

இவற்றினும் பெரிது நகர விற்பனைக் குழு. நகராட்சி ஆணையர் தலைமையிலான அக்குழுவில் நூற்றுக்கு நாற்பதின்மருக்குக் குறையாமல் வணிகரே அமரவேண்டும். அவரும் வணிகராலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவராதல் வேண்டும். அவருள் மூன்றிலொரு பங்கினர் பெண்டிர். நகராட்சி வகுக்கும் விற்பனைத் திட்டம் இக்குழுவின் பரிந்துரையின்மீதே எழவேண்டும். கூடையோடு தெருவில் நின்றவளுக்கு, ஆணையரோடு ஒக்க அமர்ந்து இடமும் நேரமும் பேசும் உரிமை இது.

ஆதலின் நகராட்சி வாயிலில் எவரும் இரந்து நிற்க வேண்டுவதில்லை. கேட்கவேண்டியவை இரண்டே: கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் உண்டா? குழுவுக்குத் தேர்தல் என்று?