நெல்லுக்கு ஒரு வழிகாட்டி



2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்தின் அருகே கரையேறிய கஜா புயல், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் தென்னந்தோப்புகளைத் தோப்புத் தோப்பாகச் சாய்த்துவிட்டுப் போயிற்று. அந்தத் துயரம் ஆறுவதற்குள், டிசம்பர் 6ஆம் நாள் மற்றொரு செய்தி வந்தது. ஆதிரெங்கத்திலே பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிக் காத்துவந்த ஜெயராமன் சென்னையில் புற்றுநோயால் காலமானார். வயது ஐம்பதுதான். புயலில் சொந்த வீட்டின் கூரையை இழந்திருந்த உழவர்களும் அந்த மறைவைத் தம் வீட்டுத் துக்கமாகவே கொண்டனர்.

மக்கள் அவரை 'நெல் ஜெயராமன்' என்று அழைத்தனர். பட்டங்களுக்குப் பஞ்சமில்லாத நாடு நம்முடையது. எனினும் ஒரு பயிரின் பெயரையே பட்டமாகப் பெற்றவர் எத்தனை பேர்?

ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறவனுக்கு, எங்கே மடு, எங்கே மணல்திட்டு, எந்த வேளையில் எந்த மீன் மேயும் என்று காட்ட ஒருவன் வேண்டும். அதை அவன் ஏட்டில் படித்தவன் அல்லன். ஆற்றிலே நடந்து அறிந்தவன். அவன் போய்விட்டால் ஆறு அப்படியே இருக்கும். ஆனால் நமக்கு அது அந்நியமாகிவிடும். ஜெயராமன் நெல்லுக்கு அத்தகைய வழிகாட்டி. பள்ளத்து நிலமா? ஆறு மாதப் பயிரான காட்டுயானத்தை விதையுங்கள். தேங்கிய நீரிலும் நிற்கும். கடலோரத்து உவர் நிலமா? குழியடிச்சான் இருக்கிறது. குறுகிய நாளில் அறுக்க வேண்டுமா? பூங்கார். கேட்டவர் நிலத்தைப் பார்த்து விதையைச் சொல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தது.

அந்த ஆற்றல் ஏன் அருமையாயிற்று என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1960ஐ ஒட்டித் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஆடுதுறை 27 என்னும் நெல் வந்தது. சுமார் 105 நாளில் விளையும் அந்நெல் குறுவைப் பட்டத்தில் ஊரெங்கும் பரவியதைச் சிறுவனாக இருந்தபோது பெரியவர்கள் வியந்து பேசக் கேட்டிருக்கிறேன். பஞ்சத்தை அஞ்சிய காலம் அது. ஆகையால் புதிய நெல்லைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பழைய நெடும்பயிர்கள் உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஆடுதுறை 27இன் பெற்றோரில் ஒன்று ஜப்பானிய நெல், மற்றொன்று ஜி.இ.பி. 24. அதுவோ கோயம்புத்தூரில் நம் கிச்சிலிச் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. பழைய நெல் இல்லையேல் அந்தப் புதிய நெல்லும் இல்லை. அப்படிப்பட்ட முதலைத்தான் நாம் ஒரு தலைமுறைக்குள் ஏறக்குறையத் தொலைத்துவிட்டோம்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ஒரு வகுப்பில், தெரிந்த நெல் வகைகளைச் சொல்லுங்கள் என்றேன். பிள்ளைகள் எல்லாரும் உழவர் வீட்டார். வந்த விடைகளில் பாதி எண்களாக இருந்தன!

நிற்க. தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் தொண்டே ஜெயராமனை இவ்வழியில் ஈர்த்தது. நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30இல் மறைந்தார். ஐந்தாண்டு நிறையுமுன் சீடரும் போய்விட்டார். 'நமது நெல்லைக் காப்போம்' இயக்கத்தின் தமிழ்நாட்டு ஒருங்கிணைப்பாளராக இருந்து ஜெயராமன் மீட்ட வகைகள் 174 என்பர்.

மீட்பது ஒரு பாடு. காப்பது அதனினும் பெரும்பாடு. நெல்விதையைப் பொன்னைப் போலப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. சாதாரணமாகச் சேமித்த விதை ஓரிரண்டு ஆண்டுகளில் முளைப்புத்திறன் இழந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் விதைத்தே ஆகவேண்டும். ஒரு வகை மற்றொன்றோடு கலவாமல் கதிர் பார்த்துக் கலப்பை நீக்க வேண்டும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. அதனால் வயலைவிடக் களத்தில்தான் கலப்புக்கு அச்சம் அதிகம். ஒரு சாக்கு மாறினால் போதும். நூற்றுக்கு மேற்பட்ட வகைகளை ஒருவர் தம் நிலத்தில் இப்படிக் காப்பது இயலுமா?

இயலாது என்று அவர் அறிந்திருந்தார். எனவே ஓர் எளிய ஏற்பாடு செய்தார். ஆதிரெங்கத்து விதைத் திருவிழாவுக்கு வரும் உழவருக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். பணம் இல்லை. மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித்தர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒருவர் தரும் நான்கு கிலோ அடுத்த ஆண்டு இருவருக்கு, பிறகு நால்வருக்கு, பத்தாண்டில் 1024 பேருக்கு. வயல் வாய்பாடு அன்று. வெள்ளம் வரும், மறதியும் வரும். ஆயினும் 2016 மே மாதத்தில் நடந்த பத்தாவது திருவிழாவில் 156 வகைகள் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட உழவர்களுக்கு வழங்கப்பட்டன. 1966இல் ஐ.ஆர். 8 நெல்லை உலகுக்குத் தந்த பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையமே அவரை அழைத்து உரை நிகழ்த்தச் செய்தது. அதை எண்ணும்போது எனக்கு ஒரு புன்னகை வரும்.

2015இல் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 2021இல் தமிழ்நாடு அரசு மரபுசார் நெல் வகைகளைக் காக்கும் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் நூலிலும் அவரைப் பற்றிய பகுதி இடம்பெற்றது. இவை தக்கனவே. ஆனால் கதிரைக் கையில் வாங்கிப் பார்த்தவுடன் இன்ன நெல் என்று சொல்லும் கண்ணை எந்த அரசாணையாலும் நிரப்ப இயலாது. அதற்காகத்தான் இன்றும் வருந்துகிறோம்.

அவர் மறைந்த நாளில் சம்பா வயலில் நின்றது. அவ்வாண்டு விதை வாங்கிச் சென்றவர்களுக்கு அது தை, மாசியில் அறுவடைக்கு வந்தது. நான்கு கிலோவை அளந்து தனியே எடுத்து வைத்தவர்களுக்கு, வாங்கிக்கொள்ளும் கை இல்லை. விதைத் திருவிழா நிற்கவில்லை. சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, அங்கிருந்தவர்களிடம் அளந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.