ஆட்சிகள் மாறலாம், திட்டம் நிற்க வேண்டும்

 

இலக்கியம் பேசும் இந்த மேடையில் நாட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது அமைச்சகங்களின் வேலை, நமக்கென்ன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் மொரீஷியஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் சதுர கிலோமீட்டர் நிலம். பன்னிரண்டரை லட்சம் மக்கள். இங்கே மலையில் மரத்தை வெட்டினால், அடுத்த பெருமழையில் அந்த மண் சேறாகக் காயலில் வந்து இறங்குகிறது. காயல் கலங்கினால் மீன் குறைகிறது. பவளம் செத்தால் அலை நேராக வந்து கரையை அரிக்கிறது. கரை போனால் கடலோர விடுதியில் வேலை பார்க்கும் நம் பிள்ளையின் சம்பளமும் போகிறது. மலை உச்சியிலிருந்து பவளத்திட்டு வரை எல்லாம் ஒரே கணக்கு. அந்தக் கணக்கை எழுதுகிறவர்கள் யார், எழுதியதைக் காப்பாற்றுகிறவர்கள் யார் என்பதுதான் இன்று என் கேள்வி.

பெரியோர்களே, 1961இல் ஜேம்ஸ் மீட் என்ற பொருளியல் அறிஞர் நம் தீவைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர் அவர். நிலம் சிறிது, மக்கள்தொகை ஏறுகிறது, கரும்பை விட்டால் வேறு தொழில் இல்லை. இந்தத் தீவின் எதிர்காலம் இருண்டது என்று அவர் அஞ்சினார். அவர் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1968 மார்ச் 12 அன்று நாம் விடுதலை பெற்றபோது ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரையிலிருந்தே வந்தது. ஒரு புயல் அடித்தால் போதும், நாடே பட்டினி கிடக்க வேண்டிய நிலை.

ஆனால் அவர் அஞ்சியபடி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? குடும்ப நலத் திட்டம் வீடு வீடாகச் சென்றது. 1960களின் தொடக்கத்தில் ஒரு தாய்க்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள். 1970களின் நடுவில் மூன்றை ஒட்டி வந்துவிட்டது. 1970இல் ஏற்றுமதித் தொழில் மண்டலச் சட்டம் வந்தது. ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்கள் சொந்தக் கையால் சம்பாதிக்கத் தொடங்கினார்கள். 1977 முதல் உயர்நிலைக் கல்வி இலவசமானது. இவற்றில் எதுவும் ஓராண்டில் பலன் தரவில்லை. விதைத்தவர் ஒருவர், நீர் ஊற்றியவர் வேறொருவர், அறுத்தவர் மூன்றாமவர்.

இன்னோர் உதாரணம், நம் கரும்பு. 2006 முதல் 2009க்குள் ஐரோப்பா நம் சர்க்கரைக்குத் தந்துவந்த விலையை 36 விழுக்காடு வெட்டியது. அந்த அடியில் பல நாடுகள் ஆலைகளை மூடிவிட்டன. நாம் எப்படித் தாங்கினோம்? 1991லேயே கரும்புச் சக்கையிலிருந்து மின்சாரம் எடுக்கத் தனித் திட்டம் வகுத்திருந்தோம். 1995இல் ஆட்சி மாறியது, 2000இல் மாறியது, 2005இலும் மாறியது. சக்கை எரியும் உலை மட்டும் அணையவில்லை. 2015இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை அந்தச் சக்கையே தந்தது. கரும்பைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை நம் வீட்டு விளக்கை எரியவைத்தது!

இப்போது மனம் நோகும் கதைக்கு வருகிறேன். 2008இல் ‘மொரீஸ் இல் துயுராப்ல்’ என்ற பெருங்கனவு பிறந்தது. நிலைத்து வாழும் தீவாக மொரீஷியஸ் இருக்க வேண்டும் என்ற கனவு. ஆற்றல், சுற்றுச்சூழல், வேலைவாய்ப்பு, கல்வி, சமநீதி என ஐந்து தூண்கள். அதற்காக எரிபொருளுக்குத் தனி வரி கூட விதித்தார்கள். பெட்ரோல் போட்ட ஒவ்வொருவரும் அந்தக் கனவுக்குக் காசு கொடுத்தோம். மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, 2013இல் கொள்கையும் செயல்திட்டமும் எழுதி முடித்தார்கள். 2014 இறுதியில் ஆட்சி மாறியது. அத்தோடு அது கைவிடப்பட்டது. ஐந்தாண்டு உழைத்து எழுதிய திட்டம், ஒரு தேர்தலைத் தாண்ட முடியவில்லை.

எந்தக் கட்சியையும் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. இழப்பு யாருக்கு என்று மட்டும் கேட்கிறேன். 2025க்குள் மின்சாரத்தில் 35 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்கும் என்று 2009இல் உறுதி சொன்னோம். இன்னும் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றியே நிற்கிறோம். குழாயில் விடும் குடிநீரில் பாதிக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. வறண்ட மாதங்களில் மார் ஓ வக்குவா நீர்த்தேக்கம் இறங்க இறங்க, தாய்மார்கள் வாளியோடு காத்திருக்கிறார்கள். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளம் 11 உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜனவரியில் பெலால் புயல் அதே நகரத் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டது. நீர் போகும் வழியில் கட்டடம் எழுந்தால் நீர் வேறு எங்கே போகும்?

திட்டம் நம்மைக் கைவிட்ட நேரத்தில் மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் புவாந் தெஸ்னி கடற்கரை அருகே பவளத்திட்டில் மோதி நின்றது. பன்னிரண்டு நாள் அது அப்படியே நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறத்தாழ ஆயிரம் டன் நம் காயலில் கலந்தது. எண்ணெய் கசிந்தால் என்ன செய்வது என்று கோப்பில் திட்டம் இருந்தது. ஆனால் கரைக்கு ஓடிவந்தவை மக்களின் கைகள்! மாயேபூர் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கரும்புச் சோகையைத் துணியில் பொதிந்து தைத்து, காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி மிதவைத் தடுப்புகள் செய்தார்கள். பெண்கள் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். மீனவர் படகைக் கொடுத்தார். இந்து, கிறித்தவர், இசுலாமியர் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. காயலின் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அந்த மீனவருக்குத் தெரியும். அந்த அறிவுக்குத் திட்டம் எழுதும் மேசையில் இடம் உண்டா?

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, இருபதாண்டுத் திட்டம் ஒன்றைச் சட்டமாக்க வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும், இந்த ஆண்டு எவ்வளவு நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். திட்டத்தை மாற்றலாம், காரணம் சொல்லாமல் கைவிடக் கூடாது.

இரண்டாவது, மலை முதல் பவளத்திட்டு வரை ஒரே வரைபடம் வேண்டும். சதுப்பு நிலத்திலும் ஓடைப் பாதையிலும் கட்டட அனுமதி என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது.

மூன்றாவது, திட்டத்தை எழுதும்போதே ஊர் மன்றத்தையும் மீனவரையும் சிறு கரும்பு விவசாயியையும் அழைக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டு வைக்காமல், மக்கள் பேசும் கிரியோலிலும் அது வர வேண்டும். தன்னால் படிக்க முடியாத திட்டத்தை எந்தக் குடிமகன் காப்பாற்றுவான்?

தமிழ் மக்களே, இதைக் கேட்க நமக்குத் தனி உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. போர்ட் லூயிஸின் பழைய கட்டடங்களில் நம் கைவினைஞர்களின் உழைப்பு இருக்கிறது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களும் உண்டு. கரும்புத் தோட்டங்களில் குவிந்து கிடக்கும் எரிமலைக் கற்களை அவர்களைப் போன்றவர்கள்தான் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார்கள். விளைச்சலின் லாபம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை; நிலம் நமக்குக் கிடைத்தது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலையும் சலுகையும் கேட்கும் முன், “முந்தைய ஆட்சி தொடங்கிய நல்ல வேலைகளில் எவற்றைத் தொடர்வீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள். கட்சி பார்க்காமல் எல்லோரிடமும் அதையே கேளுங்கள். நாம் கேட்கப் பழகிவிட்டால், அவர்கள் தொடரப் பழகுவார்கள்.