சாம்பலும் தலையெழுத்தும்
(திருவொற்றியூரில் செய்த சொற்பொழிவு)



கம்ப்யூட்டருக்கும் இந்தக் கூட்டத்திற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் படிப்பாளிகளுக்கே அது விளங்காதபோது உங்களைக் குறை சொல்லுவானேன்?

கம்ப்யூட்டர் ஓட மின்சாரம் வேண்டும். காற்றாலையும் சூரிய ஒளியும் உண்டுதான். என்றாலும் இந்நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியே. ஒடிசா நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, அத்திப்பட்டில் எரிகிறது. மின்சாரம் ஊரெல்லாம் போகிறது. சாம்பல் மாத்திரம் நம்மிடமே தங்கிவிடுகிறது. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள். ஆனால் 1994இல் தொடங்கிய வடசென்னை நிலையம் ஓடுகிறது. அதன் சாம்பற்குழாய்கள் ஒழுகிக் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்த கதையை அங்கே வலை போடுகிறவர்களைக் கேளுங்கள். இறால் குறைந்ததற்கு எந்த அம்மன் கோபம் காரணம்?

"எந்திரமென்றால் மின்சாரம் குடிக்கத்தான் செய்யும்" என்பது தலைவிதிக்காரன் பேச்சு. கம்ப்யூட்டர் தானாக ஒன்றும் செய்வதில்லை. மனிதன் எழுதிக் கொடுத்த கட்டளைப்படி ஆடுகிறது. அந்தக் கட்டளைக்குத்தான் சாப்ட்வேர் என்று பெயர். தலையெழுத்தை எழுதினவனை ஒருவரும் கண்டதில்லை. இதை எழுதினவனோ மாதச் சம்பளம் வாங்குகிறான். அழித்து எழுதச் சொல்லலாம்.

"கடிதம் வந்ததா, வந்ததா" என்று நொடிக்கு நொடி கேட்கும்படி எழுதுவது ஒரு முறை. "வந்தால் எழுப்புகிறோம், அதுவரை தூங்கு" என்று எழுதுவது இன்னொரு முறை. காரியம் ஒன்றே. முன்னது 1008 நாம அர்ச்சனை. அதிலாவது அர்ச்சகருக்குத் தட்சணை உண்டு!

எதீரியம் என்றொரு கம்ப்யூட்டர் நாணயம் இருக்கிறது. அதன் கணக்கில் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது என்பதற்காக உலகெங்கும் எந்திரங்கள் ஓர் எண்ணைத் தேடிப் போட்டியிட்டன. ஒருவன் ஜெயித்தால் மற்றவர்கள் எரித்த மின்சாரமெல்லாம் வீண். 2022 செப்டம்பரில் அந்த விதியையே மாற்றி எழுதினார்கள். போட்டி ஒழிந்தது, பணத்தை ஈடு வைத்தவர்களில் ஒருவரைப் பொறுக்கி எழுதச் செய்கிறார்கள். மின்செலவு 100க்கு 99க்கு மேல் குறைந்தது. நாணயம் நின்று போகவில்லை.

"மின்சாரம் மலிவு, எழுதுகிறவன் கூலிதான் அதிகம், ஆகையால் எப்படியாவது சீக்கிரம் எழுதி முடி" என்பது முதலாளிகளின் சமாதானம். யாருக்கு மலிவு? ஆற்றில் படிந்த சாம்பல் அவர்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லையே!

இங்கே கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்திருக்கிறீர்கள். விடை சரியா என்று பார்த்துத்தான் உங்கள் வாத்தியார் மார்க்குப் போடுகிறார். அந்த விடைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்று நாளைக்கே வகுப்பில் எழுந்து கேளுங்கள்.