ஒட்டிக்கொண்ட டிஸ்க்கும் இரண்டு போல்ட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொழிலில் நான் கண்ட அனுபவம்' பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய கம்பெனிகளில் பெரிய பதவியில் இருப்பவர்கள் இங்கே நிறைய பேர். நான் தூத்துக்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். எனக்குத் தெரிந்தது துரு. ஆகவே துருவைப் பற்றியே பேசுகிறேன்.

நாம் படித்த காலத்தில் அம்பாசடரும் பத்மினியும்தான். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிஸ்க் பிரேக்கைப் படத்தில் பார்த்ததோடு சரி. 1902-லேயே லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்று பரீட்சைக்குப் படித்தோம். இப்போது முன் சக்கரத்தில் டிஸ்க் இல்லாத காரே வருவதில்லை.

இந்த டிஸ்க் வார்ப்பிரும்பு. ஹப்பின் மேல் தொப்பி மாதிரி உட்காரும். அதை உண்மையில் இறுக்கிப் பிடிப்பது சக்கரத்தின் நட்டுகள்தான். சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க் கையோடு வர வேண்டும். பாடப் புத்தகத்தில் வரும். எங்கள் ஊரில் வராது. உப்பளத்துக் காத்து, கடல் காத்து ரெண்டும் சேர்ந்து ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் துருவேற்றிவிடும். துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இடுக்குக்குள் அது பருக்கப் பருக்க, ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்ளும்.

2003-இல் ஒருநாள் சாயங்காலம். ஒரு வாடிக்கையாளர் ராத்திரியே குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பணும். டிஸ்க் தேய்ந்து, தட்டில் எழுதியிருந்த குறைந்தபட்ச கனத்துக்கும் கீழே போயிருந்தது. "அண்ணாச்சி, ஆறு மணிக்கு வண்டி வேணும்"னு நிக்கிறார். நானும் சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரை இறக்கி, டிஸ்க்கைப் பிடிச்சு இழுத்தேன். அசையலை. எடுத்தேன் சம்மட்டியை.

வண்டி ஜாக்கியில மட்டும்தான் நிக்குது. ஸ்டாண்டு பெஞ்சுக்கு அடியில கெடக்கு. ரெண்டு எட்டு வச்சா எடுத்துரலாம். அவசரம், எடுக்கலை. கூட வேலை பார்த்த பையன், பத்தொன்பது வயசு, ஒரு காலை உள்ளே நீட்டி உட்கார்ந்து காலிப்பரைத் தாங்கிட்டு இருக்கான். நாலாவது அடியோ அஞ்சாவது அடியோ, ஜாக்கி வழுக்கிருச்சு. வண்டி சடார்னு இறங்கிச்சு.

அவன் கால் மேல் இறங்கவில்லை. கழற்றின சக்கரத்தை அந்தப் பையன் கதவுக்குக் கீழே படுக்கப் போட்டிருந்தான். வண்டி அது மேலே உட்கார்ந்தது. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னால் வேலை பார்த்த பட்டறையில் யாரோ அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள். அவன் எழுந்து, "ஒண்ணுமில்ல அண்ணாச்சி"ன்னான். எனக்குத்தான் கை நடுங்கி, பேச்சு வரலை.

வாடிக்கையாளரிடம் இன்னைக்கு வண்டி தர முடியாதுன்னு சொல்லிட்டேன். அவர் பேசின பேச்சை மலரில் அச்சிட முடியாது. வாடகைக் காரில் போனார்.

ராத்திரி வீட்டுக்குப் போகாமல் அந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: சக்கர ஸ்டட்டுகளுக்கு நடுவில் இரண்டு சின்னத் துளை. உள்ளே மரை வெட்டியிருக்கு. ஆனா போல்ட்டு இல்லை.

நம் ஃபிட்டிங் ஷாப் வாத்தியார் ஞாபகம் வந்தது. ஒரு பழைய பம்பு மூடியைக் கையில் கொடுத்து, "இந்த ரெண்டு துளையில மரை இருக்கு, போல்ட்டு இல்ல. எதுக்குலே?"ன்னு கேட்டார். "காத்து போறதுக்கு சார்"ன்னேன். வகுப்பே சிரிச்சுது. அவர் சிரிக்கவில்லை. "யோசி"ன்னு மட்டும் சொன்னார். விடையைக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

பல ஜப்பானிய கார்களில் அந்தத் துளைக்கு 8 மி.மீ. போல்ட்டு, 1.25 மரை பொருந்தும். இரண்டையும் கையால் திருகி, ஹப்பில் முட்டியதும் ஸ்பேனரால் இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருக வேண்டும். ஒன்றையே திருகினால் டிஸ்க் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். மறுநாள் காலை, ஸ்டாண்டு போட்டு, அப்படிச் செய்தேன். 'டக்'னு ஒரு சத்தம். டிஸ்க் கையில் வந்துவிட்டது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

சில வண்டிகளில் டிஸ்க்கைப் பிடிக்க ஒன்றிரண்டு சின்ன ஸ்குரூவும் இருக்கும். அதை முதலில் எடுக்கணும். சாதாரணத் திருப்புளி தலையைச் சிதைத்துவிடும். சுத்தியலால் அடித்தால் திரும்புகிற இம்பாக்ட் திருப்புளி வேணும். மரைத் துளையே இல்லாத டிஸ்க்கும் உண்டு. அதற்கு, காலிப்பர் பிராக்கெட் இருந்த துளை வழியே நீளப் போல்ட்டு ஒன்றை நட்டோடு கோர்த்து, டிஸ்க்கைப் பின்னாலிருந்து தள்ளவிட்டு, டிஸ்க்கைக் கொஞ்சம் சுற்றி மறுபடி தள்ள வேண்டும். துரு எண்ணெயை முந்தின நாளே நடுவிலும் ஸ்டட்டு அடியிலும் விட்டு ஊறப் போடுங்கள். பின் சக்கரம் என்றால் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். அதை மறந்து அரை நாள் மல்லுக்கட்டியவர்களை நான் அறிவேன். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

சம்மட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூக்கிப் போடப் போகிற டிஸ்க் என்றால், ஸ்டட்டுகளுக்கு நடுவே, சுற்றிச் சுற்றி, அளவாகத் தட்டலாம். கண்ட இடத்தில் ஓங்கி அடித்தால் வீல் பேரிங் போகும். அடித்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டவே கூடாது.

கழற்றிய பிறகு ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்தே ஆகணும். அங்கே ஒட்டியிருக்கும் துருப் பொருக்கு டிஸ்க்கின் விளிம்பில் ஆட்டமாகப் பெருகும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டமே அதிகம். சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் காலில் துடிக்க ஆரம்பிக்கும். "புது டிஸ்க் சரியில்ல"ன்னு கடைக்காரரோடு சண்டை வரும்.

கடைசியாக ஒன்று, மாணவர்கள் கவனிக்க வேண்டும். புது டிஸ்க் போட காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். முதல் மிதிக்குப் பெடல் நேரே தரைக்குப் போகும். பிரேக் இருக்காது. வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டு எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஃபிட்டிங் ஷாப்பில் துருவேறிய ஹப்பும் டிஸ்க்கும் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் தள்ளி நின்று பார்க்கலாம். கழற்றிப் பார்க்க விரும்புகிற மாணவர்கள் வாருங்கள். போல்ட்டு ரெண்டும் என் பையில் இருக்கு.