ரோசாப்பூ துரை



1985இல் திண்டுக்கல் மாவட்டம் தோன்றும்வரை மன்னவனூரும் இம்மலைத் தொடரும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தவை. அப்பழைய மதுரைச் சீமையில் வாழ்ந்த வழக்கறிஞர் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். அவர் ஜார்ஜ் ஜோசப்.

செங்கன்னூரில் 1887இல் பிறந்த ஜோசப், எடின்பரோவில் தத்துவமும் இலண்டனில் சட்டமும் பயின்று 1909இல் தாயகம் திரும்பினார். மதுரையில் வழக்கறிஞராக நிலைபெற்றார். பொருளீட்டி நிம்மதியாக வாழ்வதற்குத் தடையேதும் இல்லை. ஆனால் அவர் கண்ணில் பட்டது குற்றப்பரம்பரைச் சட்டம்.

1871இல் வடநாட்டில் தோன்றிய அச்சட்டம், 1911இன் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிரமலைக் கள்ளர் மீது அது பாய்ந்தது. களவு செய்தவன் மட்டும் குற்றவாளி அல்லன். அக்குலத்தில் பிறந்தவனே குற்றவாளி. கைரேகை பதிய வேண்டும். இரவில் காவலர் முன் கணக்குக் கொடுக்க வேண்டும். உழவனுக்கும் தப்ப வழியில்லை. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாண்டவருள் பெண்ணொருத்தியும் இருந்தாள்.

சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர் சட்டத்தை எதிர்த்தார். அம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார், இதழ்களில் எழுதினார். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலையே துறந்தார். அலகாபாத்தில் ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழின் ஆசிரியராகிச் சிறை புகுந்தார்; 1923இல் காந்தியடிகளின் ‘யங் இந்தியா’வையும் நடத்தினார். 1924இல் வைக்கம் போராட்டத்தில் முன்நின்றார். அது இந்துக்கள் தாமே செய்ய வேண்டிய பணி, கிறித்தவரான நீர் விலகி நிற்க வேண்டும் என்று காந்தியடிகள் கடிதம் எழுதினார். ஒருவன் துயர் துடைக்க எழும் கை எச்சமயத்தது என்று கேட்பது முறையா? ஜோசப்பின் வாழ்வு எழுப்பும் வினா இது.

1937இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 1938 மார்ச் 5ஆம் நாள் மதுரையில் மறைந்தார். அவர் எதிர்த்த சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947இல்தான். வெற்றியைக் காண அவர் இல்லை.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க ஒன்றுண்டு. அரசு அம்மக்களுக்குச் சூட்டிய பெயர் குற்றப்பரம்பரை. அம்மக்கள் அவருக்குச் சூட்டிய பெயர் ரோசாப்பூ துரை. கோட்டில் ரோசாப்பூ அணிந்ததால் வந்தது என்பர் சிலர். ஜோசப் என்னும் பெயரே நாவில் மருவியது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் தம் பிள்ளைகளுக்கும் அப்பெயரை இட்டார்கள் அம்மக்கள். அரசு சூட்டிய பெயரைச் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்க முப்பதாண்டுக்கு மேலாயிற்று. மக்கள் சூட்டிய பெயர் இன்றும் உசிலம்பட்டிப் பக்கத்தில் வழங்குகிறது.